பேப்பர் மில் சுண்ணாம்புக் கழிவை ஃப்ளை ஆஷ் கல்லுல கலக்கலாமா? கலந்து பாத்தேன், கல்லு பொடியுது

கல்லுபட்டறை_பவானி:

வணக்கமுங்க. பவானி பக்கம் சின்னதா ஒரு ஃப்ளை ஆஷ் கல்லு பட்டறை வச்சிருக்கேன், ஒரு பான் மிக்சர், ஒரு ஹைட்ராலிக் ப்ரஸ், ஏழு ஆளுங்க, அஞ்சு வருஷமா ஓடுது. நம்ம மிக்ஸ் என்னன்னா ஃப்ளை ஆஷ்ங்கற சாம்பல் 55, கல்லு ஒடைக்கற எடத்துல வர்ற க்ரஷர் டஸ்ட் 30, சுண்ணாம்பு 10, ஜிப்சம் 5, எல்லாம் எடைக் கணக்குதான். இதுல காசைத் திங்கிறது சுண்ணாம்புதாங்க, அதும் இப்ப நல்ல சரக்கு கெடைக்கறதே பெரும்பாடா இருக்குது, மூட்டைய பிரிச்சா பாதி காத்துபட்டு செத்துப்போன சுண்ணாம்பா இருக்கும்.

போன மாசம் ஒரு லாரிக்காரரு வந்து, ஒரு பேப்பர் மில்லுல சுண்ணாம்புக் கழிவு மலையாட்டம் கெடக்குது, லோடிங் கூலியும் வண்டி வாடகையும் குடுத்தா போதும், சரக்குக்கு காசு வேண்டாங்கறாங்கன்னு சொன்னாரு. மில்லு பேரு வேண்டாங்க. ஒரு லோடு எறக்கினேன். பாக்கறதுக்கு வெண்ணெயாட்டம் வழவழன்னு, லேசா சாம்பல் கலந்த வெள்ளை, ஈரமாத்தான் இருந்துச்சு. காயவெச்சு சலிச்சு, சுண்ணாம்பு 10 பங்கையும் எடுத்துட்டு அந்த எடத்துல இதையே போட்டு 800 கல்லு அடிச்சேன்.

ப்ரஸ்ல இருந்து வரும்போது அருமையா வந்துச்சு, மூலை எல்லாம் கத்தியில அறுத்த மாதிரி. ஆனா 21 நாளு தண்ணி காட்டியும் எறுகவே இல்ல. கையில தேய்ச்சா மாவு வருது, ஒரு கல்ல எடுத்து பக்கெட்டுல போட்டு வெச்சா மறுநாளு மூலை கரைஞ்சு நிக்குது. காயவெச்ச கல்லு மேல உப்பு மாதிரி வெள்ளையாவும் பூக்குது.

நான் சலிச்சது சரியில்லையா, தண்ணி ஜாஸ்தியா, இல்ல சரக்கே ஆகாததா? இன்னும் முக்கால் லோடு பட்டறையில கெடக்குதுங்க. வெவரம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.


ரிகவரி_ஷிப்ட்:

தம்பி, நான் 27 வருஷம் பேப்பர் மில்லுல ரிகவரி பக்கம், அதாவது வேக வெச்ச கெமிக்கலைத் திரும்ப எடுக்கற பக்கம் வேலை பாத்தவன், அதுல பாதிக்கு மேல காஸ்டிசைசிங் செக்ஷன்தான், அதனால நீங்க எறக்குன சரக்கு எங்க பொறக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க சலிப்புலயும் தப்பில்ல, தண்ணியிலயும் தப்பில்ல. பேருதான் உங்கள ஏமாத்திருச்சு.

நம்ம ஊர்ல சுண்ணாம்புன்னு ஒரே வார்த்தைல மூணு பொருளைச் சொல்றோம். பூமியில இருந்து வெட்டுற சுண்ணாம்புக்கல்லு ஒண்ணு. அதைக் காளவாயில சுட்டா வர்ற சுட்ட சுண்ணாம்பு ஒண்ணு. அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு பொரிஞ்சு வர்ற நீத்த சுண்ணாம்பு ஒண்ணு, வெத்தலைக்குப் போடுறது, வெள்ளையடிக்கிறது எல்லாம் அதான். சாம்பலோட சேந்து கல்லை எறுக வைக்கிறது அந்த நீத்த சுண்ணாம்பு மட்டுந்தான். பேப்பர் மில்லு சேறு நீத்த சுண்ணாம்பு இல்ல, அது வேலையை முடிச்சுட்டு மறுபடி கல்லாவே திரும்பிப்போன சரக்கு, கெமிஸ்ட்ரியில கால்சியம் கார்பனேட்டு. நீங்க செஞ்சது என்னன்னா சுண்ணாம்புக்குப் பதிலா சுண்ணாம்புக்கல்லு மாவைப் போட்டிருக்கீங்க. சாம்பலுக்கு கூட்டாளியே இல்லாமப் போச்சு, அப்புறம் எப்படி எறுகும்.

அது எப்படி அப்படி ஆகுதுன்னு சொல்றேன், தெரிஞ்சுகிட்டா மிச்சம் எல்லாம் உங்களுக்கே புரியும். மரத்தையோ கரும்புச் சக்கையையோ காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் சேத்து வேக வெப்போம். நாரு தனியா வந்துரும், மிச்சம் கருப்பா ஒரு தண்ணி, பிளாக் லிக்கர்னு சொல்லுவோம். அதைச் சுண்டவெச்சு ரிகவரி பாய்லர்ல எரிச்சா அடியில தீக்குழம்பு மாதிரி உருகி வழியும், அதுல பெரும்பங்கு சோடியம் கார்பனேட்டு, நம்ம சலவை சோடா. அதைக் கரைச்சா பச்சையா இருக்கும், க்ரீன் லிக்கர். இந்தச் சோடாவை மறுபடி காஸ்டிக்கா மாத்தணும்ல, அதுக்குத்தான் சுட்ட சுண்ணாம்பைப் போடுறோம், காஸ்டிசைசிங்ங்கறது இதான். சுண்ணாம்பு சோடாகிட்ட இருக்கிற கார்பனேட்டை வாங்கிக்குது, காஸ்டிக் தனியா நிக்குது, சுண்ணாம்பு கார்பனேட்டா மாறி அடியில உக்காந்துருது. அந்த அடிச்சேறுதான் உங்க பட்டறையில கெடக்குறது. ஒரு டன் பல்ப்புக்கு காஞ்ச கணக்குல கிட்டத்தட்ட அரை டன் சேறு வரும், அப்ப மலையாட்டம் சேராம என்ன பண்ணும்.

மர மில்லுல அந்தச் சேறை வீணாக்க மாட்டாங்க, கழுவி லைம் கில்ன்ல போட்டு ஆயிரம் டிகிரிக்கு மேல சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்கி அதே வேலைக்குத் திரும்ப எறக்குவாங்க. சக்கை, வைக்கோல், மூங்கில் ஓட்டுற மில்லுலதான் தொந்தரவு. அதுல எல்லாம் சிலிக்கா ஜாஸ்தி. அது காஸ்டிக்ல கரைஞ்சு வந்து கடைசியில சேறோட ஒட்டிக்கும், சேறு தண்ணி விடாது, திரும்பத் திரும்ப சுட்டா ஒவ்வொரு சுத்துக்கும் சிலிக்கா ஏறிகிட்டே போகும், சுண்ணாம்போட வேகம் செத்துரும். அதனால ஒரு பகுதியாவது வெளிய தள்ளித்தான் ஆகணும், பழைய காலத்துல கில்னே இல்லாத மில்லுல மொத்தமும் வெளியதான். நான் சேந்த புதுசுல யார்டு ஓரம் வெள்ளை மேடு நிக்கும், ஆடிக்காத்துல பக்கத்து ஊர் ஓட்டு மேல எல்லாம் மாவு படிஞ்சு கெடக்கும், மழைக்காலத்துல ஓடுற தண்ணி வழவழன்னு சோப்புத் தண்ணியாட்டம் இருக்கும், பக்கத்துக் கெணறு ஒண்ணு சவர்ப்பு ஏறி குடிக்க ஆகாமப் போச்சு. அதைப் பாத்தவன்ங்கறதால இந்தச் சரக்கு ஒழுங்கா ஒரு எடத்துக்குப் போய்ச் சேரணும்னு எனக்கு ரொம்ப ஆசை உண்டு. நீங்க முயற்சி பண்ணது நல்ல விஷயம், விட்டுறாதீங்க, ஆனா அதோட எடம் சுண்ணாம்பு எடம் இல்ல, டஸ்ட் எடம்.

அந்த வெள்ளைப் பூப்பு, சேறை மில்லுல சரியா கழுவாததால நிக்கிற சோடா. வீட்டுலயே பாக்கலாம். ஒரு டம்ளர் மழைத்தண்ணியில கைப்பிடி சேறு போட்டுக் கலக்கி, தெளிஞ்ச தண்ணியில மஞ்சத்தூள் போடுங்க. ஆரத்தித் தண்ணியாட்டம் செக்கச்செவேல்னு வந்தா காரம் நிக்குதுன்னு அர்த்தம். தண்ணியை எறுத்துட்டு புதுத் தண்ணி ஊத்தி மூணு நாலு தடவை இதையே பண்ணுங்க. செவப்பு கொறைஞ்சு போனா அது கழுவினா போற சோடா. போகவே இல்லன்னா கொஞ்சம் நீத்த சுண்ணாம்பும் மிச்சம் இருக்கு, ஆனா அதை நம்பி கல்லு அடிக்கிற அளவுக்கு இருக்காது.


கல்லுபட்டறை_பவானி:

ஐயா, இவ்வளவு வெவரமா எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. இத்தனை வருஷமா சுண்ணாம்புன்னா சுண்ணாம்புதான்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்ப இதையே நம்ம பழைய சுண்ணாம்புக் காளவாயில போட்டு சுட்டா சுண்ணாம்பு ஆயிருமுங்களா? பக்கத்து ஊர்ல ரெண்டு காளவாய் சும்மா கெடக்குது. இன்னொண்ணு, டஸ்ட்டுக்குப் பதிலான்னா எத்தனை பங்கு வரைக்கும் போலாங்க?


கட்டுமான_லேப்:

ப்ரோ, நான் மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல இருக்கேன், கல்லு, பிளாக், சிமெண்ட்டு எல்லாம் தினமும் ஒடைக்கிற வேலை.

காளவாய் யோசனை வேண்டாம். அதுல கல்லையும் கரியையும் அடுக்கி வெச்சு சுடுவாங்க, கல்லுக்கு நடுவுல காத்து போய்தான் நெருப்பு பிடிக்கும். இந்த மாவைக் கொட்டினா காத்தே போகாம அடைச்சுக்கும். உருட்டிக் காயவெச்சு சுடலாம்தான், ஆனா ஈரத்தை ஓட்டவே பாதி கரி போயிரும், அப்படியும் ஒரு டன் கார்பனேட்டு சுட்டா 560 கிலோதான் சுண்ணாம்பு, மீதி 440 கிலோ புகையோட போற கார்பன் டை ஆக்சைடு. சிலிக்கா வேற கூட இருக்கு. உங்க அளவுக்கு கட்டவே கட்டாது.

மிக்ஸுக்கு வருவோம். சுண்ணாம்பு 10, ஜிப்சம் 5 ரெண்டுலயும் கை வைக்காதீங்க. டஸ்ட் 30ல இருந்து 5 எடுத்துட்டு காஞ்ச சேறு 5 போட்டு ஒரு பேட்ச், 10 போட்டு ஒரு பேட்ச், ரெண்டும் தனித்தனியா அடிச்சு 28 நாள் கழிச்சு லேப்ல ஒடைச்சுப் பாருங்க. அதுக்கு மேல ஏத்த வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா இது டஸ்ட்டை விட ரொம்ப நைசு, தண்ணி இழுக்கும், தண்ணி கூடினா பலம் எறங்கும், காயும்போது சுருக்கமும் கூடும். நைசா இருக்கறதுல ஒரு நல்லதும் இருக்கு, சந்து பொந்தெல்லாம் அடைச்சு மூலை சுத்தமா வரும், நீங்க சொன்ன அந்தக் கத்தி மூலை அதனாலதான். இந்தக் கல்லுக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐஎஸ் 12894 பிரகாரம் உங்க ரக கல்லு 24 மணி நேரம் தண்ணியில கெடந்தா எடையில 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது, அதையும் சேத்துப் பாத்துருங்க. உப்புப் பூக்குதான்னு பாக்க, தட்டுல ஒரு இஞ்சு தண்ணி ஊத்தி கல்லை நிமித்தி வெச்சு, தண்ணி வத்தினதும் இன்னொரு தடவை ஊத்தி வத்த விடுங்க, எவ்வளவு பூக்குதோ அதான் கஸ்டமர் செவுத்துலயும் பூக்கப் போகுது.

இன்னொரு விஷயம், சாம்பல் எங்கிருந்து எடுக்கறீங்க? அதையும் அதே மில்லுல எடுத்தா கவனம். அனல் மின் நிலையத்துல நிலக்கரியை மாவா அரைச்சு ரொம்ப சூட்டுல எரிக்கறதால சாம்பல் கண்ணாடி உருண்டையா வரும், சுண்ணாம்போட நல்லா சேரும். பேப்பர் மில்லுல நெறைய எடத்துல ஃப்ளூயிடைஸ்டு பெட் பாய்லர்தான், சூடு 800, 900 டிகிரி, சக்கைத் தூள், மரப்பட்டை எல்லாம் கூட எரியும், அந்தச் சாம்பல் சொரசொரன்னு எரியாத கரியோட வரும். சாம்பலுக்கான ஸ்டாண்டர்டு ஐஎஸ் 3812ல எரியாதது 5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு இருக்கு. கருப்பா இருக்கற சாம்பலை வாங்காதீங்க.

என்னைக் கேட்டா இந்தச் சேறுக்கு சரியான வீடு சிமெண்ட்டு ஃபேக்டரிதான். அங்க சுண்ணாம்புக்கல்லை அரைச்சு மாவாக்கி 1450 டிகிரியில சுடுறாங்க, இது ஏற்கனவே மாவு. மில்லுக்காரங்களுக்கு தலைவலியா இருக்கற சிலிக்கா அங்க வேணுங்கற சரக்கு. கரூர் காகிதபுரத்துல டிஎன்பிஎல், அதான் தமிழ்நாடு காகித ஆலை, இதைத்தான் பண்ணாங்க, கரும்புச் சக்கை ஓட்டுற மில்லு, தன்னோட சுண்ணாம்புச் சேறையும் பாய்லர் சாம்பலையும் வெச்சு தானே ஒரு சிமெண்ட்டு ப்ளாண்ட்டு போட்டுட்டாங்க, நாளைக்கு 600 டன்னுல ஆரம்பிச்சு 900 வரைக்கும் கொண்டு போனாங்க. ஒரு பேப்பர் கம்பெனி சிமெண்ட்டு மூட்டை விக்கிறதை மொத தடவை கேட்டப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, ஆனா யோசிச்சுப் பாத்தா வேற எதுவும் அவ்வளவு சேறைத் திங்காது. மத்த மில்லுங்களுக்கு ஏன் முடியலன்னா ஈரம். சேறுல மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணி இருந்தா லாரி வாடகை தண்ணிக்குத்தான் போகுது, ஃபேக்டரியில ஹாப்பர்லயும் ஒட்டிக்கும், அதைக் காயவைக்கவும் தனி சூடு வேணும்.

யூரோப்ல பேப்பர்செயின்னு ஒரு ப்ராஜெக்ட், 2017ல ஆரம்பிச்சது. போர்ச்சுகல்ல இதே மாதிரி மில்லு கழிவுகளை ப்ரீகாஸ்ட்டு கான்க்ரீட்டுலயும் தார் ரோட்டுலயும் போட்டுப் பாத்தாங்க. ஸ்வீடன்ல க்ரீன் லிக்கர்ல அடியில தங்குற கசடு இருக்கே, அதை அந்த ஊர் மண்ணோட கலந்து பழைய சுரங்கக் கழிவு மேல மூடி போட்டாங்க. சுரங்கக் கழிவுல இருக்கற சல்ஃபைடுக்கு காத்து பட்டா ஆசிட்டா வடியும், இந்தக் கசடு ஈரத்தைப் பிடிச்சு வெச்சு காத்தை உள்ள விடாது, காரமாவும் இருக்கறதால ஆசிட்டையும் அடக்கும். எனக்கு ரொம்ப பிடிச்ச உபயோகம் இது. தன் எடத்துல தொந்தரவா இருந்த அதே குணம் அங்க மருந்தா வேலை செய்யுது.

அப்புறம் எல்சி3ன்னு ஒரு சிமெண்ட்டு வந்திருக்கு, பாதி கிளிங்கர்னு சிமெண்ட்டு சூளையில சுட்டு எடுக்கற உருண்டை, மீதிக்கு சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லு மாவும் கொஞ்சம் ஜிப்சமும், ஐஎஸ் 18189ன்னு 2023ல ஸ்டாண்டர்டே போட்டுட்டாங்க. அதுல சுண்ணாம்புக்கல்லை சுடாம அப்படியே மாவா சேக்கறாங்க. நல்லா கழுவின பேப்பர் மில்லு சேறுக்கு எதிர்காலத்துல அங்க எடம் இருக்குன்னு நான் நம்பறேன்.


மானாவாரி_தோட்டம்:

அண்ணா, நான் கல்லு சமாச்சாரத்துக்கு வரல, ஆனா யாராவது இதைப் படிச்சுட்டு மிச்ச சேறை தோட்டத்துல கொட்டிறக் கூடாதேன்னு எழுதறேன். ஏன்னா நாங்க கொட்டினோம்.

எங்க காடு கரூர் பக்கம், செம்மண்ணுதான், ரெண்டடி தோண்டினா வெள்ளை வெள்ளையா ஓடைக்கல்லு வரும். கீழ் வயல் ஒண்ணு களர் தட்டிக் கெடந்துச்சு. ஒருத்தரு வந்து சுண்ணாம்பு போட்டா களரு போயிரும், மில்லுல சும்மா குடுக்கறாங்கன்னு சொன்னாரு, எங்க வீட்டுக்காரரும் ரெண்டு லாரி எறக்கிட்டாரு. அடுத்த போகம் நெலக்கடலை போட்டோம். முப்பது நாளுல எளங்கொழுந்து எல்லாம் மஞ்சளா வெளுத்துப்போச்சு, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. மண்ணு டெஸ்ட்டு எடுத்தா பிஎச் 8.6. ஏற்கனவே சுண்ணாம்பு இருக்கற மண்ணுல மேல சுண்ணாம்பக் கொட்டினதால இருக்கற இரும்புச் சத்தைக்கூட செடியால எடுக்க முடியலன்னு சொன்னாங்க. இரும்பு சல்ஃபேட்டு கரைச்சு ரெண்டு தடவை அடிச்சு ஒரு மாதிரி காப்பாத்தினோம், மகசூல் பாதிதான்.

அப்புறம்தான் வெவரம் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். களருக்கு வேணுங்கறது ஜிப்சம், சுண்ணாம்பு இல்ல. ரெண்டும் வெள்ளை மாவு, ரெண்டுலயும் கால்சியம் இருக்குது, ஆனா ஜிப்சம் தண்ணியில கரையும், கரைஞ்சுதான் மண்ணுல இருக்கற சோடியத்தைத் தள்ளிவிடும், அப்புறம் தண்ணி கட்டி அதை வடிக்கணும். சுண்ணாம்புக்கல்லு மாவு களர் மண்ணுல கரையவே கரையாது. போதாததுக்கு கழுவாத சேறுன்னா இன்னும் சோடியம்தான் உள்ள போகுது, எந்த நோவுக்கு மருந்து தேடுறமோ அதே நோவை ஏத்துற மாதிரி. கடலைக்கு நாப்பதாவது நாளு மண்ணு அணைக்கறப்ப ஏக்கராவுக்கு 160 கிலோ போடுறதும் ஜிப்சம்தான், அந்த எடத்துலயும் இதைப் போடாதீங்க.

சுண்ணாம்பு வேணுங்கறது புளிப்பு மண்ணு. நீலகிரி தேயிலை, உருளைக்கெழங்கு காடு, கேரளாப் பக்கம் எல்லாம் பிஎச் 5க்குப் பக்கத்துல இருக்கும், அங்க இது ஒதவலாம், அதும் சோடியம், ஈயம், காட்மியம் எல்லாம் டெஸ்ட்டு பண்ணி நல்லதுன்னு வந்த பெறகு. நம்ம கொங்குக் காட்டுக்கு மண்ணு டெஸ்ட்டு எடுக்காம ஒரு கூடை கூட வேண்டாம்ண்ணா.


கல்லுபட்டறை_பவானி:

அக்கா, நல்ல சமயத்துல சொன்னீங்க, மிச்சத்தை எங்க சித்தப்பா தோட்டத்துக்கு அனுப்பலாம்னு நேத்துதான் பேசிட்டு இருந்தோம், போன் போட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஐயா சொன்ன மஞ்சத்தூள் டெஸ்ட்டு பண்ணேனுங்க. மொத தண்ணி குங்குமமாட்டம் செவந்துச்சு, ரெண்டாவதுல கொறைஞ்சுது, நாலாவதுல வெறும் மஞ்சளா நின்னுருச்சு. அப்ப சோடாதான். ஒரு தொட்டி கட்டி ரெண்டு தடவை கழுவி காயவெச்சு டஸ்ட்டுல 5 பங்கு, 10 பங்குன்னு ரெண்டு பேட்ச் அடிக்கப் போறேன், சுண்ணாம்பை பழையபடி 10ஆவே வெச்சுக்கறேன், 28 நாளு கழிச்சு ஒடைச்ச கணக்கோட வர்றேன்.

ஒரு சந்தேகமுங்க. லோடுல அடியில கொஞ்சம் கருப்பா பச்சையா கசடு மாதிரியும், கல்லு கல்லா மணி மாதிரியும் கலந்து வந்திருக்குது. அதையும் சேத்துக் கழுவிறலாமுங்களா? அது சுண்ணாம்பா இல்லையான்னு பாக்க பாத்ரூம் ஆசிட்டு ஊத்திப் பாக்கலாம்னு எங்க ஆளு சொல்றாரு.


ரிகவரி_ஷிப்ட்:

தம்பி, ஆசிட்டை மொதல்ல எடுத்து உள்ள வைங்க. அந்தக் கருப்புக் கசடு டிரெக்ஸ், மேல லேப் தம்பி ஸ்வீடன்ல சுரங்கத்துக்கு மூடி போட்டாங்கன்னு சொன்னாரே அதே சரக்கு. அதுல சல்ஃபைடு இருக்கு. ஆசிட்டு பட்டா அழுகின முட்டை நாத்தத்துல ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கெளம்பும், ஜாஸ்தி வந்தா மூக்கே மரத்துப்போய் நாத்தம் தெரியாமப் போயிரும், ஆளு அங்கயே விழுந்துருவாரு. மூடின ஷெட்டுக்குள்ள யாரையும் இதைச் செய்ய விடாதீங்க. வெள்ளைச் சேறுக்கு பொங்குதான்னு பாக்கணும்னா வெளிய வெச்சு ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு போதும்.

மணி மணியா இருக்கறது க்ரிட்ஸ், சரியா வேகாத சுண்ணாம்புக்கல்லும் மண்ணும். அதுல தொந்தரவு கம்மி, கழுவி யார்டு பாதைக்குக் கொட்டி அமுக்கிக்கலாம், கல்லுக்குள்ள மட்டும் போடாதீங்க, உள்ள நீறாத சுட்ட சுண்ணாம்பு மிச்சம் இருந்தா பின்னால ஈரம் பட்டு வீங்கி செவுத்துல கொப்புளமா வெடிக்கும். டிரெக்ஸை தனியா அள்ளி தார்ப்பாய் போட்டு மூடி மில்லுக்கே திருப்பி அனுப்புங்க, அவங்கதான் அதுக்குப் பொறுப்பு. கையுறை போட்டுத்தான் அள்ளணும், தோலைத் தின்னுரும்.

கழுவின தண்ணியை வாய்க்காலுல விட்டுறாதீங்க, சோடா தண்ணி அது. அடுத்த மிக்ஸுக்கும் அதை ஊத்தாதீங்க, பூப்பு திரும்ப வந்துரும். ஒரு சிமெண்ட்டு தொட்டியில தேக்கி வெயில்ல வத்த விட்டு, அடியில தங்குற உப்பை சுரண்டி டிரெக்ஸோடவே அனுப்பிருங்க. அடுத்த லோடு எடுக்கறதுக்கு முந்தி லாரிக்காரரை விட்டுட்டு நேரா மில்லு என்விரான்மெண்ட்டு செக்ஷன்ல போய் கேளுங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவங்களுக்குக் குடுத்த அனுமதியில எந்தக் கழிவை எந்த வழியில அனுப்பணும்னு எழுதியிருக்கும், அதுல கல்லு பட்டறைக்குக் குடுக்கலாம்னு இருக்குதான்னு பாருங்க, லேப் ரிப்போர்ட்டும் வாங்குங்க. வெள்ளைச் சேறு மட்டும், ஃபில்டர்ல இருந்து நேரா, யார்டு மேட்டுல இருந்து அள்ளினது வேண்டாம்னு சொல்லிக் கேளுங்க. மேட்டுல எல்லா ஷிப்டும் எல்லாத்தையும் கொட்டியிருப்பாங்க, உங்க லோடுல கருப்பு கலந்து வந்ததே அதனாலதான்.